முன்கட்டைக்குள் ஒரு சிலுவை

அந்தத் துப்பாக்கிகள் பிறந்தது ருஷ்யாவில். பெரிய போரில் எவன் எவனிடமோ பிடிபட்டு, எந்தெந்த நாட்டுக் கிடங்குகளிலோ தூசி தின்று, கடைசியில் நம் அரசாங்கம் அவற்றை மலிவாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. வந்ததை அப்படியே தோளில் மாட்டிக்கொள்ள முடியுமா? குறிபார்க்கும் தகட்டில் தூரமெல்லாம் ருஷ்ய அளவில் பொறித்திருக்கும். அதை அழித்து மீட்டரில் பொறிக்க வேண்டும். உள்ளே அப்பியிருக்கும் கிரீஸ் நம் ஜனவரிக் குளிரில் மெழுகாக இறுகிவிடும், விசையை அழுத்தினால் தோட்டாவைத் தட்டும் ஊசி சாவகாசமாகப் புறப்படும். அதைச் சுரண்டி எடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி கட்டை. போர் அவசரத்தில் அறுத்த மரம் அது. ஏரிக்கரை ஈரம் பட்டால் உப்பும், அடுப்புச் சூடு பட்டால் சுருங்கும். கட்டை நெளிந்தால் குழலை நெருக்கும். குழலை நெருக்கினால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும்.

அதனால் குழலுக்கு அடியில் வரும் முன்கட்டையை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு, நன்றாக உலர்ந்த பிர்ச் மரத்தில் புதிதாகச் செய்து, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல் பல்லுக்குப் பல் கோத்து ஒட்டுவார்கள். நகரத்துப் பட்டறையில் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. எனவே எங்கள் சாவோ மாகாணத்து ஊர்க்காவல் படைக்கு வந்த துப்பாக்கிகளை அந்தந்த ஊர்த் தச்சர்களிடமே கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் தச்சன் என்றால் தாவெத்திதான்.

தாவெத்தி நல்ல வேலைக்காரன், நல்ல மனுஷனும்தான். ஆனால் மனசுக்குள் ஒரு முள். ஏரிக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் இருக்கிறதே நீமெலா வீடு, அதற்கு மாட்டுக்கொட்டகை கட்ட வந்தவன் அவன். கொட்டகை முடிந்தபோது அந்த வீட்டு விதவை ஹில்மாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வீட்டோடு மாப்பிள்ளை, அதுவும் இரண்டாம் மாப்பிள்ளை. ஊரில் யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? "அந்தெரோ வீட்டுத் தாவெத்தி" என்றுதான் சொல்வார்கள். அந்தெரோ ஹில்மாவின் முதல் புருஷன். மதுவிலக்கு வந்த புதிதில் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு, வசந்தத்தில் இளகிக் கிடந்த பனிக்கட்டி மேல் நடந்து வந்து ஏரிக்குள் போனவன். பனி உருகிய பிறகுதான் உடம்பு கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் பிணத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது, வீட்டு நிலம் முடியும் திருப்பத்தில் வண்டியை நிறுத்துவோம். அங்கே ஒரு மரத்தில் சிலுவையும், செத்தவன் பெயரின் முதல் எழுத்துகளும், ஆண்டும் செதுக்குவோம். செத்தவன் எழுந்து வீட்டு ஞாபகத்தில் நடந்து வந்தால், அந்த மரத்தடியில் தன் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தான் செத்தது நினைவுக்கு வந்து திரும்பிப் போய்விடுவான். சிலுவை எதுவரையோ அதுவரைதான் அவன் நடமாட்டம். வழக்கமாக ஆண்கள்தான் செதுக்குவார்கள். அந்தெரோவுக்கு ஹில்மாவே கத்தியை வாங்கி, சாலையோரத்து பிர்ச் மரத்தில் அழுத்தி அழுத்திச் செதுக்கினாள். என்ன பாசம், என்ன பாசம் என்று ஊர்ப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அதுதான் தாவெத்தியின் முள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயத்துக்குப் போகிற வழியில் ஹில்மா வண்டியை நிறுத்தச் சொல்வாள். இறங்கிப் போய் அந்தச் சிலுவைக் கோட்டில் விரலை வைத்துத் தடவுவாள். இவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டிலோ மேசையின் தலைமாட்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அந்தெரோ உட்கார்ந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. கல்யாணமான முதல் வாரம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். ஹில்மா ரொட்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து பக்கவாட்டுப் பெஞ்சில்தான் அவன் இடம். செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடித்தாவது கேட்கலாம்.

போன இலையுதிர் காலத்தில் நான்கு துப்பாக்கிகள் வந்தன, அதில் ஒன்று படையில் இருந்த தாவெத்திக்கே. நகரத்திலிருந்து வரவேண்டிய உலர்ந்த பலகை வரவில்லை, இவனிடம் இருந்ததும் தீர்ந்துபோயிருந்தது. கோடைப் பயிற்சிக்குள் துப்பாக்கிகள் தயாராக வேண்டும். தாவெத்திக்கு உடனே ஞாபகம் வந்த மரம் எது என்று சொல்லவும் வேண்டுமா? நேரான மரம், நெருக்கமான இழை, நீமெலா நிலத்தில் நிற்பது. நல்ல கட்டைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காற்று பலமாக அடித்த ஒரு நாள் கோடாரியோடு போனான்.

மரம் காற்றில் விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னான். ஹில்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடிமரம் எங்கே என்று கேட்டாள். நீராவிக் குளியலுக்கான சவுனா அடுப்புக்கு விறகாகப் பிளந்து எரித்துவிட்டதாகச் சொன்னான். சிலுவை இருந்த துண்டும் எரிந்ததா என்று கேட்டாள். எல்லாம்தான் என்றான். பெஞ்ச் பக்கத்திலேயே இருந்தும் அவள் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பார், எவ்வளவு பாசம் என்று தாவெத்திக்கு வயிறு எரிந்தது. கூடவே ஒரு திருப்தியும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த ஞாயிறு அவள் பக்கத்திலிருந்த இன்னொரு மரத்தில் புதிதாகச் சிலுவை செதுக்கினாள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தான்.

பிர்ச் பலகை மூன்று வருடமாவது உலர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்பவன் இவன்தான். அவனே அதை ஒரு பனிக்காலம் மட்டும் சவுனா பரண்மேல் போட்டு உலர்த்தி எடுத்தான். அறுத்தால் நான்கு முன்கட்டைக்குச் சரியாக வந்தது. அதில் ஒன்றில்தான் சிலுவை. மேலே பட்டை விளிம்பு மூடிவந்தாலும் உள்ளே கோடுகள் தார்போல் கருப்பாக இறங்கியிருந்தன. இழைப்புளி போட்டான், போகவில்லை. இன்னும் போட்டான், கோடு இன்னும் ஆழத்தில் இருந்தது. அந்தெரோ நீமெலாவின் அ, நீ என்ற இரண்டு எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. இதை யாருக்குக் கொடுப்பது? தன் துப்பாக்கிக்கே வைத்துக்கொண்டான், சிலுவை உள்பக்கம் குழலைப் பார்த்து இருக்கும்படி. இனிமேல் கிட நீ என் குழலுக்கு அடியில் என்று நினைத்துக்கொண்டான். சின்னப் புத்திதான், என்ன செய்வது.

எங்கள் ஊர்க்காவல் படைக்காரர்கள் துப்பாக்கியை வீட்டில்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற மூன்றும் அவரவர் வீட்டுக்குப் போயின. தாவெத்தி தன்னுடையதைக் கூடத்து மூலையில், படுக்கையறைக் கதவோரம் சாய்த்து வைத்தான்.

ஜூன் முதல் ஞாயிறு பயிற்சி. சுடுமைதானம் நீமெலாவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. நான்கு துப்பாக்கியும் இடப்பக்கம் இழுத்தன, ஒரு சாண் அளவுக்கு. குறியைச் சரிசெய்து சுட்டாலும் அதே இழுப்புத்தான். மைதானத்துப் பொறுப்பாளர் ரிஸ்ஸனென், படையில் நரைத்த மனுஷன், கட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஈரமரம் நெளிகிறது, அவ்வளவுதான் என்றார். தாவெத்திக்கு மானம் போயிற்று. பக்கத்து வீட்டுக் குவோஸ்மனென் சும்மா இருப்பவனா? இடக்கைப் பக்கம் விரலை நீட்டினான். தண்ணீருக்கு அப்பால் நீமெலா வீட்டுக் கூரை தெரிந்தது.

"என்னப்பா தாவெத்தி, நீ செஞ்ச கட்டையெல்லாம் ஹில்மா இருக்கற பக்கமே பாக்குது? கல்யாணமாகி இத்தன வருஷமாச்சு, இன்னுமா ஆச தீரல?"

எல்லோரும் சிரித்தார்கள், தாவெத்தியும் சிரித்து வைத்தான். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது. மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக ஏரியின் வேறொரு கரைக்குப் போனான். நீமெலா வீடு வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி நின்று, பட்டுப்போன ஒரு மரத்தைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு வலப்பக்கம் போனது. இன்னும் இரண்டு முறை சுட்டான். இரண்டும் வலப்பக்கம்தான்.

நெளிந்த கட்டை ஒரு பக்கம்தான் இழுக்கும். நீ எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். நின்ற இடத்துக்குத் தகுந்தபடி பக்கம் மாற்றிக்கொள்கிற மரத்தை எந்தத் தச்சனும் பார்த்ததில்லை. தாவெத்தி துப்பாக்கியைத் தோளில் மாட்டாமல் கையிலேயே தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அதன் பிறகு அவன் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. பட்ட பிறகுதான், இவையெல்லாம் கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருந்தவை என்பதும் புரிந்தது. காலையில் எழுந்தால் துப்பாக்கி சாய்ந்திருக்கும் மூலையில் தரை ஈரம். மழை இல்லை, கூரை ஒழுகவில்லை. குனிந்து முகர்ந்தால் ஏரிப் பாசி வாடை. நாய் ஹல்லி கூடத்துக்குள் வருவதை விட்டுவிட்டது. கறித்துண்டு காட்டினாலும் வாசற்படியில் நின்று முனகும். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் இருவரும் சவுனாவில் குளித்துவிட்டு வெளியே படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் ஏரி மேல் இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால், சூடான கற்களில் யாரோ தண்ணீர் ஊற்றும் சீறல் கேட்டது. ஒரு முறை கேட்டது, கொஞ்சம் விட்டு இன்னொரு முறையும் கேட்டது. தாவெத்தி ஹில்மாவைப் பார்த்தான். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு மோர்க் குவளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிறகு அவள் மணிக்கட்டில் தடம் வந்தது. ஒரு பக்கம் நான்கு நீலத் தடம், மறுபக்கம் ஒன்று. என்ன இது என்று கேட்டான். மாட்டுக்கொட்டகைக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அடுத்த வாரம் கன்னத்தில் ஒன்று. அதற்கும் கதவுதான் காரணம். ஊரில் பார்வை மாறியது. கடையில் சர்க்கரை வாங்க நின்றபோது குவோஸ்மனென் பெண்டாட்டி அல்மா, மற்றப் பெண்கள் எல்லோரும் கேட்கிற குரலில் அவனைக் கேட்டாள்.

"அந்தக் கதவு அந்தெரோ காலத்துலயும் அவள இடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நீ புதுக் கதவு போட்டியே, அதுவுமா இடிக்குது?"

தாவெத்தி காசைப் பலகையில் வைத்துவிட்டுச் சர்க்கரையை எடுக்க மறந்து வெளியே வந்தான். தன்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்பது முதலில் உறைத்தது. பாதி வழியில்தான் அந்தப் பேச்சின் மறுபாதி உறைத்தது. அந்தெரோ காலத்திலும். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் திறந்தான், மூடினான். அவன் கையால் செய்த கதவு. பழைய கதவு உள்பக்கம் திறந்து வருகிறவர் முகத்தில் அடிக்கிறது என்று அவள் சொன்னதை நம்பி, வெளிப்பக்கம் திறக்கும்படி, இரண்டு மாடு நுழையும் அகலத்துக்கு வைத்தது. அதில் இடித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஓடி வந்து மோத வேண்டும். கொட்டகைத் தரையில் வைக்கோல்மேல் அப்படியே உட்கார்ந்தான். இத்தனை வருடம் என்னடா மடையனாக இருந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

மத்தியானம் ஹில்மா மேசையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றான். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"மரம் காத்துல விழல. நான்தான் வெட்டினேன்."

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும். அடிக்கட்டையில கோடாரி வெட்டு இருந்துச்சு, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? எரிச்சுட்டேன்னு சொன்னியே, அதத்தான் நம்பினேன்."

"எரிக்கல."

இப்போது நிமிர்ந்தாள். தாவெத்தி மூலையைக் காட்டினான். துப்பாக்கியில் எங்கே என்று கேட்டாள். குழலுக்கு அடியில், உள்பக்கம் என்றான். ஹில்மா கத்தியைக் கீழே வைத்தாள். துப்பாக்கியையும் அதற்குப் பக்கத்திலிருந்த படுக்கையறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப்பாவி. சிலுவை வரைக்குந்தான் அவன் வரலாம். அத நீ கொண்டுவந்து என் படுக்க வாசல்ல வச்சிருக்க."

அதன் பிறகு அவள் சொன்னதெல்லாம் மெதுவாக, மீன் செதிலைச் சுரண்டுகிற சாதாரணக் குரலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அந்தக் கோட்டைத் தடவியது ஆசையில் இல்லை. கோடு ஆழமாக இருக்கிறதா, பட்டை மூடிவிட்டதா என்று பார்த்தாள். மூடினால் ஊசியால் மறுபடி கீறிவிடுவாள். கத்தியைத் தானே வாங்கிச் செதுக்கியதும் அதற்குத்தான். ஆண்கள் என்றால் குடித்துக்கொண்டே பேருக்கு நாலு கீறல் போடுவார்கள். புதுமரத்தில் செதுக்கியது அவனைக் கட்டவில்லை, பிணம் பக்கத்தில் இருக்கும்போது செதுக்கினால்தான் அது கட்டும். நாற்காலியும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் அவளை நிறுத்தி வைத்துத்தான் அவன் சாப்பிடுவான். இப்போதும் அந்த இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்தால் அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. ஊர் பாசம் என்றது, அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான் தாவெத்தி.

"நீ எப்பவாவது கேட்டியா? ஒரு தடவ கேட்டிருக்கலாமே."

தாவெத்திக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செத்தவன்மேல் பொறாமைப்பட்டு, அவனுக்குப் போட்டிருந்த தாழ்ப்பாளைத் தன் கையாலேயே கழற்றி, அவனை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறான். இப்போது அவள் அடி வாங்கியதெல்லாம் இவன் தச்சு வேலையில் வந்தது. அழுதான். ஹில்மா அழவில்லை. அழுகிற நேரமா இது என்று கேட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னாள்.

சிலுவையைச் சும்மா கொண்டுபோய்த் திருப்பத்தில் அறைந்தால், அவன் வீட்டுப் பக்கமே மாட்டிக்கொள்வான். முதலில் அவனை வெளியே நடத்திப் போக வேண்டும். தன் எழுத்து போகிற இடத்துக்கு அவன் பின்னாலேயே வருவான். கல்லறை வாசல்வரை போய் அங்கே திரும்பி, சிலுவையோடு திருப்பத்துக்கு வர வேண்டும். அவள் சுத்தியலோடு அங்கே வீட்டுப் பக்கம் நிற்பாள். போகும்போது பின்னால் பார்க்கக் கூடாது, எது கேட்டாலும் பதில் பேசக் கூடாது.

மறுநாள் காலை பால் கறந்த பிறகு தாவெத்தி முன்கட்டையை ஒட்டிய இடத்தில் ரம்பம் வைத்து அறுத்தான். ஒரு பனிக்காலம் சவுனாச் சூட்டில் கிடந்த மரம், ரம்பம் போட்ட இடத்தில் தண்ணீர் விட்டது. சொட்டுச் சொட்டாக அவன் முழங்கால்மேல் விழுந்தது, பனிக்கட்டித் தண்ணீர் மாதிரி குளிர்ந்து. அறுத்த கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கினான். ஹல்லி தூரத்தில் நின்று குரைக்காமல் பார்த்தது.

வைக்கோல் அறுப்பு ஆரம்பித்திருந்ததால் சாலையில் ஈ காக்கை இல்லை. நல்ல வெயில், கால் வைத்தால் புழுதி. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பூட்ஸ் சத்தம். உள்ளே தண்ணீர் நிறைந்த பூட்ஸ் எப்படிச் சத்தம் போடுமோ அப்படி, அவசரமில்லாமல் வந்தது. தாவெத்தி நின்றால் அதுவும் நிற்கும். திருப்பத்தில் அடிக்கட்டையைத் தாண்டினான், பின்னால் அதுவும் தாண்டியது.

பயம்கூடப் பரவாயில்லை. அதன் பிறகு வந்ததுதான் மோசம். அவன் மனசுக்குள் நினைப்புகள் வர ஆரம்பித்தன. இத்தனை வருடம் இவனைப் பெஞ்சில் உட்கார வைத்தாளே. ஊர் முன்னால் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று பேர் வாங்கிக் கொடுத்தாளே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரத்தை வெட்டியிருப்பானா? ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். அந்தக் கடைசி நினைப்பு வந்தபோது அவன் வலக்கை தானாக விரிந்து மூடியது. தாவெத்தி ஒரு குதிரையைக்கூட அடித்ததில்லை. இது என் நினைப்பு இல்லை என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தான். ஆனால் அது அவன் குரலில்தான் பேசியது, அவனுடைய சொந்தக் குறைகளைத்தான் எடுத்துப் பேசியது.

கல்லறை வாசலில் திரும்பினான். சாலை காலியாக இருந்தது. அவன் பூட்ஸுக்கு நேரெதிரே, முட்டுகிற தூரத்தில், புழுதியில் இரண்டு ஈரத்தடங்கள் இருந்தன. அவை பெரிதாகிக்கொண்டே போயின. ஏரிப் பாசி வாடை முகத்தில் அடித்தது. தாவெத்தி கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தத் தடங்களைச் சுற்றாமல் நேராகக் கடந்தான். கடந்தபோது வெயில் இல்லாமல் போய், மறுபடி வந்தது. வாயில் ஏரித் தண்ணீர் சுவை. திரும்பும் வழி முழுக்கப் பின்னால் சத்தமே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

திருப்பத்தில் ஹில்மா நின்றிருந்தாள், வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல். எல்லையைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டிக் கட்டையை வாங்கினாள். சிலுவை கல்லறைப் பக்கம் பார்க்கும்படி, தான் புதிதாகச் செதுக்கியிருந்த மரத்தில் வைத்து அறைந்தாள். மூன்று கிராமத்துக்குக் கேட்கிற அறை. தாவெத்தி அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்தது என்று காலை எடுத்தான். கால் வரவில்லை.

கண்ணெதிரே சிலுவை, அ, நீ. அந்த எழுத்துகளைப் பார்க்கப் பார்க்க அவை தன் எழுத்துகள் என்று தோன்றியது. அவற்றில் என்ன தப்பு, நானும் நீமெலாதானே என்று தோன்றியது. ஹில்மா சுத்தியலைக் கீழே போடாமல் அவன் முகத்தையே பார்த்தாள். அவள் கன்னத்துத் தடம் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது.

"மாட்டுக்கொட்டகைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டாள்.

உள்பக்கம். பழைய கதவுக்கான அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. தண்ணீரோடு சேர்ந்து வந்தது, அவ்வளவு சுலபமாக. தாவெத்தி பல்லை இறுக்கினான். ஹில்மா சுத்தியலைச் சற்று உயர்த்திப் பிடிப்பதைப் பார்த்தான். நியாயம்தான் என்று நினைத்தான். தன் கையைப் பார்த்தான். கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது, கீல் மாட்டும்போது நழுவிய உளி கிழித்தது. அன்றைக்கு அவள்தான் துணி சுற்றிவிட்டாள்.

"வெளிப்பக்கம்," என்றான். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டான். "ரெண்டு கையிலயும் பால் வாளியோட வெளிய வருவ. இடுப்பால தள்ளினா போதும்னு அப்படி வச்சேன்."

ஹில்மா சுத்தியலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் தாண்டி வந்தான். இருவரும் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். புழுதியில் ஈரத்தடம் மரம்வரை வந்து, கால்விரல் இவர்கள் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் காய்ந்த மண்தான்.

துப்பாக்கிக் கட்டை பாறையில் விழுந்து உடைந்துவிட்டதாக ரிஸ்ஸனெனிடம் சொன்னான். அவர் திட்டிவிட்டு வேறு பலகை வரவழைத்தார். மற்ற மூன்று துப்பாக்கிகளும் இப்போது நீமெலா கூரைப் பக்கம் பார்ப்பதில்லை. தேவாலயச் சாலைத் திருப்பம் இருக்கிறதே, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கின்றன. மரம் உலர உலரக் குணம் மாறும் என்று சொல்லி ரிஸ்ஸனென் குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளைத் தட்டி நகர்த்திக் கொடுத்துவிட்டார்.

சிலுவையை அறைந்த அன்று மத்தியானம் தாவெத்தி கை கழுவிவிட்டு வழக்கம்போல் பெஞ்சுக்குப் போனான். ஹில்மா மேசைத் தலைமாட்டு நாற்காலியைக் காலால் இழுத்து விட்டாள். இவன் தயங்கினான். உட்கார் என்று தலையசைத்தாள். உட்கார்ந்தான். ரொட்டியையும் பொரித்த மீனையும் அவன் முன்னால் வைத்துவிட்டு, கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, அவன் கைகளையே பார்த்தாள். தாவெத்தி இரண்டு கைகளையும் மேசைமேல் தெரியும்படி வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டான். வெகுநேரம் கழித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு ரொட்டி பிய்த்தாள். மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டு எடுத்தாள்.